மாப்பிள்ளைக்குத் துணையாக மூன்று மொட்டை

இந்தப் பத்திக்கு மேலே என் போட்டோ ஒன்று இருக்கிறதே... அதில் எனக்குத் தலை நிறைய முடி. தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். இதை எழுதுகிற இந்த நிமிடத்தில் என் தலை மொட்டை, ஒரு வாரத்து முள்முடிதான் எட்டிப் பார்க்கிறது. ஃபேன் காற்று நேராக மண்டைக்குள்ளேயே இறங்குகிறது.

"வேண்டுதலா சார்?" என்று தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். திருப்பதியில் குடியிருக்கிறவன் மொட்டை போட்டுக்கொண்டால் வேறு என்ன கேட்பார்கள்? ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. வேண்டுதல்தான். ஆனால் என்னுடையது இல்லை. என் மனைவியுடையதும் இல்லை. என் நண்பன் முனிரத்தினத்தின் அம்மாவுடையது!

குழப்பமாக இருக்கிறதா? இருக்கும். செய்தபோது எங்களுக்கே குழப்பமாகத்தான் இருந்தது.

முனியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நகரிக்காரன். ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் ஏசி மெயின்டனன்ஸ். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திருப்பதிக்குத் திரும்புவான். நாற்பதை நெருங்குகிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. குணத்தில் குறை கிடையாது. வேலையில் குறை கிடையாது. புதியவர்கள் முன்னால் வாய்தான் திறக்காது. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். "பையன் ஊமையா?" என்று புரோக்கரிடம் கேட்டனுப்பிய வீடும் உண்டு.

அவனுக்கு இருந்த ஒரே சொத்து, முடி. அடர்த்தியான, அலையலையான முடி. பேச ஆரம்பிக்கும் முன் வலது கையால் அதை ஒருமுறை பின்னால் கோதுவான். அப்புறம்தான் வார்த்தை வரும். கார் ஸ்டார்ட் ஆவதற்கு முன் சாவி திருப்புகிற மாதிரி.

சரி, கதைக்கு வருவோம். போன மாதம் சித்தூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் பெயர் ரேவதி. அங்கே மாங்கூழ் ஃபேக்டரியில் குவாலிட்டி செக் பார்க்கிறாள். முனியைவிட நாலைந்து வயது சின்னவள். ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதைவிடப் பொருத்தமா நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! முனியின் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பையனுக்குக் கல்யாணம் கூடி வந்தா அவன் முடியைத் தரேன்" என்று எப்போதோ ஏழுமலையானிடம் சொல்லி வைத்திருக்கிறார். கூடி வந்துவிட்டதாகவே அவர் முடிவு செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாலை மகனை மலைக்கு இழுத்துப்போய் மொட்டை போட்டுக் கூட்டி வந்துவிட்டார்.

"பொண்ணு இன்னும் என்னைப் பார்க்கவே இல்லையேம்மா" என்று முனி சொல்லிப் பார்த்திருக்கிறான். "சாமி கடனை நிறுத்தி வைக்கக் கூடாதுடா" என்று பதில் வந்திருக்கிறது. உலகத்தில் எல்லோரும் வேலை முடிந்த பிறகுதான் நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். இந்த அம்மா அட்வான்ஸாகவே செலுத்திவிட்டார்.

இதில் சிக்கல் என்னவென்றால், மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் ரேவதியும் முனியும் சந்திப்பதாக ஏற்பாடு. வீட்டில் கூட்டம் கூட்டி, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் வேண்டாம், முதலில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறோம் என்று ரேவதியே சொல்லியிருந்தாள். சித்தூர் காபி ஷாப்பில் உட்கார்ந்தால் காபி ஆறுவதற்குள் சொந்தக்காரர்களுக்குச் செய்தி போய்விடும். திருப்பதியில் அந்தப் பயம் இல்லை. இங்கே எல்லோருமே வெளியூர். ஆகவே திருப்பதியில், ஏர் பைபாஸ் ரோடு பக்கம், புதிதாகத் திறந்த ஒரு காபி ஷாப்.

வெள்ளிக்கிழமை ராத்திரி முனி போன் செய்தான். "நான் நாளைக்குப் போவல. அந்தப் பொண்ணுக்கு அனுப்பின போட்டோல முடி இருக்குது. இப்ப இப்படிப் போய் நின்னா ஏமாத்தறவன்னு நெனச்சுக்கும். அம்மாகிட்ட சொல்லிட்டேன், இதோட சரி. இனிமே யாரையும் பார்க்கச் சொல்லாதேன்னு."

கோபப்பட்டுச் சொன்னால் சமாதானம் செய்யலாம். அவன் கோபப்படவே இல்லை. வேலைக்கு லீவு சொல்கிற மாதிரிச் சொன்னான்.

உடனே கோதண்டனுக்குப் போன் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. கோதண்டன் எங்கள் கோஷ்டியின் மூளை. நகரியிலிருந்து துண்டும் லுங்கியும் எடுத்து வந்து திருப்பதியில் கடை வைத்திருக்கிறான். பிரச்சினை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், அதைவிடப் பெரிய பிரச்சினையாக ஒரு தீர்வு கொண்டு வந்துவிடுவான்.

"ரைட்டரு, நல்லா கேட்டுக்கோ" என்றான். "ஒருத்தன் தனியா மொட்டையா உக்காந்தா அசிங்கம். நாலு பேரா உக்காந்தா?"

"நாலு பேரா உக்காந்தா?"

"பக்தி!"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதே போனை வைத்திருக்க வேண்டும்... வைக்கவில்லையே!

மறுநாள் காலை நான், கோதண்டன், பாஸ்கர் மூன்று பேரும் மலைக்குப் போனோம். பாஸ்கர் சந்திரகிரிக்காரர், ஒரு ஸ்கூலில் பி.இ.டி. மாஸ்டர், வீட்டில் தெலுங்கு. எங்களோடு சேர்ந்து பாதித் தமிழாகிவிட்டவர். "வேண்டுதல் இல்லாம மொட்டை போடலாமா?" என்று எனக்கு ஒரு சந்தேகம். பாஸ்கர் யோசிக்காமல் சொன்னார். "தேவுடிக்கி இய்யடானிக்கி காரணம் எந்துக்கு ரைட்டர் காரு? சாமிக்குக் குடுக்க எவனாவது காரணம் கேப்பானா?"

கத்தி நெற்றியில் பட்டபோதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. ஆனால் பாதி மொட்டையோடு எழுந்து ஓட முடியுமா?

ஒன்று சொல்ல வேண்டும். மொட்டை அடித்த பிறகுதான் ஒருவனுடைய மண்டையின் யோக்கியதை தெரிகிறது. கோதண்டனுடையது நல்ல உருண்டை. பாஸ்கருடையது பின்பக்கம் தட்டை. என்னுடையதில் உச்சியில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. இத்தனை வருடமாக என்னோடு இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த என் மனைவி ஒரு நிமிடம் பயந்துவிட்டாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. முனிக்குக் கல்யாணம் ஆகணும். அதுக்குத்தான்."

"அவருக்குக் கல்யாணம் ஆகறதுக்கு உங்களுக்கு எதுக்கு மொட்டை?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னைக்குத்தான் கண்ணால பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று பேரும் முனியின் ரூமுக்குப் போய் வாசலில் வரிசையாக நின்றோம். அவன் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தான். ஒவ்வொரு தலையாகப் பார்த்தான். கை தன் தலைக்குப் போனது, கோத ஒன்றுமில்லாமல் கீழே இறங்கியது. அப்புறம் உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

எங்களை நம்பி வருகிறான். அவனை எப்படியாவது கரை சேர்த்துவிட வேண்டும் என்று எனக்குள் அப்படி ஒரு வேகம் வந்தது.

தெருவில் இறங்கினால் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "பாலாஜி மந்திர்? பாலாஜி மந்திர்?" பல வருடமாக நாங்கள் டீ குடிக்கிற தெருமுனை அது. தினமும் பார்க்கிற ஆட்டோக்காரருக்கே எங்களை அடையாளம் தெரியவில்லை. நாங்கள் தமிழில் திட்டிய பிறகுதான் "அட, நீங்களா அண்ணா!" என்றார்.

காபி ஷாப்பிலும் அதே கதை. சுவரெல்லாம் சீரியல் லைட்டு, உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிற சோபா, காதுக்குள் இங்கிலீஷ் பாட்டு. நடுவில் நாலு மொட்டை, சந்தனம் மணக்க. சர்வர் பையன் பவ்யமாக வந்து குனிந்து, தரிசனம் நல்லபடியாக ஆனதா என்று தெலுங்கில் விசாரித்தான். "தர்சனம் பாக ஜரிகிந்தா சார்? வெங்காயம், பூண்டு இல்லாத சாண்ட்விச் இருக்கு சார்."

கோதண்டனுக்கு எக் பஃப் மேல் கண். கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் தலையில் சந்தனத்தோடு எக் பஃப் கேட்க எந்த மனுஷனுக்கு வாய் வரும்? நாலு பேரும் வெங்காயம் இல்லாத சாண்ட்விச்சை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முனியின் போனைக் கோதண்டன் பிடுங்கித் தன் பாக்கெட்டில் வைத்திருந்தான். காரணம், வழியெல்லாம் முனி, "நான் மொட்டைன்னு ஒரு மெசேஜாவது போட்டுடறேனே" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். "போட்டியானா, பாதி வழியில பஸ்ஸை வுட்டு எறங்கி திரும்பிப் பூடும்" என்று கோதண்டன் மறுத்துவிட்டான். எங்கள் திட்டம் இதுதான். பெண் வந்ததும் முனியை அறிமுகப்படுத்தி, அவனுக்குத் தைரியம் சொல்லி, நைஸாக அடுத்த டேபிளுக்கு நகர்ந்துவிடுவது.

ரேவதி வந்தாள். காட்டன் சேலை, தோளில் ஹேண்ட்பேக். கூடவே அவளுடைய அண்ணி. கடைக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். முடியுள்ள ஒரு ஆளைத் தேடுகிறாள் என்று எங்களுக்குப் புரிந்தது. ஆனால் நாலு பேரில் ஒருவனாவது எழுந்து கை காட்ட வேண்டுமா இல்லையா? நாலு பேரும் நிலைப்படியில் அடித்த ஆணி மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அவள் போனை எடுத்தாள். கோதண்டன் பாக்கெட்டில் மணி அடித்தது.

பதறிப்போய் எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, முனிரத்தினம் பேசறேன்" என்றான் கோதண்டன்.

ரேவதி காதில் போனோடு எங்கள் டேபிள் முன்னால் வந்து நின்றாள். கோதண்டனைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"ஆமா... இல்ல. அது வந்து... இல்லைங்க!"

நான் எழுந்திருக்கப் போனேன். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். "ஒரு நிமிஷம். யாரும் வாயைத் தொறக்காதீங்க. நானே கண்டுபிடிக்கிறேன்."

அண்ணி அவள் கையைப் பிடித்தார். "ரேவதி, இன்னா விளையாட்டு இது? பொறப்படு, போலாம்."

"இருங்க அண்ணி. இவ்ளோ தூரம் பஸ்ல வந்தாச்சு."

எங்கள் நாலு பேரையும் நிதானமாகப் பார்த்தாள். ஃபேக்டரியில் மாங்கூழை எப்படிப் பார்ப்பாளோ தெரியாது, எங்களை அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். எனக்கு வியர்த்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி, ஸ்கூல் போகிற பெண் இருக்கிறாள். எனக்கு எதற்கு வியர்க்க வேண்டும்?

அப்புறம் நேராக முனியைக் காட்டினாள். "இவரு."

"எப்பிடிடி?" என்றார் அண்ணி.

"மத்த மூணு பேரும் என்னைப் பார்க்காம அவரையே பார்த்துக்கினு இருக்காங்க அண்ணி. பரீட்சை எழுதற புள்ளைய ஜன்னல் வழியா பார்க்கற மாதிரி."

உண்மைதான். பெண் எப்படி இருக்கிறாள் என்று எங்களில் ஒருவரும் சரியாகக் கவனிக்கவில்லை. அவன் என்ன செய்யப் போகிறானோ என்ற பயத்தில் மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"நீங்க மூணு பேரும் அந்த மூலை டேபிளுக்குப் போங்க" என்றாள் ரேவதி. "அண்ணி, நீங்களும். ப்ளீஸ்."

போனோம். நைஸாக நகர்வது எங்கள் திட்டம். துரத்தப்பட்டு நகர்ந்தோம். போகிற போக்கில் கோதண்டன் முனியின் போனை டேபிள் மேல் வைத்துவிட்டு வந்தான்.

மூலை டேபிளிலிருந்து ரேவதியின் முகம் தெரிந்தது. முனியின் முதுகும், டேபிள் மேல் இருந்த கைகளும், மொட்டைத் தலையின் பின்பக்கமும்தான் தெரிந்தன. ஆனால் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். மொட்டைத் தலையின் பின்பக்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. முடி இருக்கும்போது எதுவும் தெரிவதில்லை. இல்லாதபோது எல்லாம் தெரிகிறது! வெட்கப்பட்டால் கழுத்து சிவக்கிறது. சிரித்தால் இரண்டு காதும் லேசாகப் பின்னால் போகின்றன. பயந்தால் உச்சியிலிருந்து ஒரு துளி வியர்வை மெதுவாகக் கிளம்பி, வழி தேடிக் காலருக்குள் இறங்குகிறது.

முதலில் வெறும் வியர்வை. அவன் கை தலைக்குப் போனது, இறங்கியது. மறுபடி போனது, இறங்கியது.

"ஸ்டார்ட் ஆவலியே!" என்றான் கோதண்டன் கவலையாக.

அண்ணி எக் பஃப் ஆர்டர் செய்தார். எங்கள் கண் முன்னால் பிய்த்துத் தின்றபடி கேட்டார். "ஏம்பா, நாலு பேருக்கும் ஒரே வேண்டுதலா?"

விளக்கினோம். அம்மா அட்வான்ஸ் செலுத்தியது, முனி வரமாட்டேன் என்றது, நாங்கள் மலைக்குப் போனது. கேட்டுக்கொண்டிருந்த அண்ணி பஃப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க பொண்ணும் அதேதான் சொல்லிட்டு வந்திருக்குது" என்றார். "இந்த வாட்டியும் தட்டிப் போச்சுன்னா இனிமே யார் முன்னாலயும் வந்து உக்கார மாட்டேன், என்னை விட்டுடுங்கன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனா. வந்தவங்க எல்லாம் அவளைச் சந்தையில மாடு பார்க்கற மாதிரி பார்த்துட்டுப் போனாங்க. அவளுக்கும் எவ்ளோதான் பொறுமை இருக்கும்?"

அந்த டேபிளில் இருக்கிற இரண்டு பேருக்கும் இதுதான் கடைசியா? நாங்கள் ஏதோ ஜாலியாக மொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

கவலை வந்தால் கோதண்டனுக்குக் கை சும்மா இருக்காது. முனிக்கு மெசேஜ் அனுப்பினான். "ஹாபி கேளு."

உடனே பதில். "கேட்டாச்சு. புக்ஸ் படிப்பாங்களாம்."

கோதண்டன் முகத்தில் வெளிச்சம். "டேய், பேசறான்டா!" அடுத்த மெசேஜ். "சிரிச்சிக்கினே பேசு."

"சிரிச்சிக்கினுதான் இருக்கேன்."

"வேலையப் பத்திக் கேளு. ஏசி பத்தி ரொம்ப சொல்லாதே."

"ஏசி பத்திதான் நல்லா இருக்குது. சொல்லட்டும்."

சொல்லட்டுமா? பாஸ்கர்தான் முதலில் கவனித்தார். "அரே... முனியோட ரெண்டு கையும் காபி கப் மேலதானே இருக்குது? அப்ப டைப் பண்றது எவரு?"

நிமிர்ந்து பார்த்தோம். முனியின் போன் ரேவதி கையில் இருந்தது. எங்களைப் பார்த்துக்கொண்டே டைப் செய்தாள். கோதண்டன் போன் துடித்தது.

"பொண்ணு பரவாயில்லை. மூலை டேபிள்தான் தொந்தரவு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மெனு கார்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டோம். அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்து டேபிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெனு கார்டுக்கு மேலே எட்டிப் பார்த்தபோது முனியின் இரண்டு காதும் பின்னால் போயிருந்தன. சிரிக்கிறான்! பெண் பார்க்கிற இடத்தில் அவன் சிரித்து நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அதற்கப்புறம் அங்கே நடந்த பேச்சை அன்று இரவே முனி எங்களுக்குச் சொன்னான்.

"யாரோட வேண்டுதல்?" என்று ரேவதி கேட்டிருக்கிறாள்.

"அம்மாவோடது. கல்யாணம் கூடி வந்தா முடி தரேன்னு."

"கூடி வந்துடுச்சா?"

"ஜாதகம் கூடி வந்துச்சு. அம்மாவுக்கு அவ்ளோதான் பொறுமை."

"இப்ப நான் வேணாம்னு சொல்லிட்டா? முடியைத் திருப்பிக் குடுப்பாங்களா?"

முனி யோசித்திருக்கிறான். கையைத் தலைக்குக் கொண்டு போகவில்லையாம். தானாகவே வந்திருக்கிறது வார்த்தை. "நீங்க வேணாம்னு சொன்னாலும் பரவால்லைங்க. முடி வளர்ந்துடும். நீங்க அதை நெனச்சுக்கினு சரின்னு சொல்லாதீங்க."

ரேவதி எங்கள் பக்கம் கண்ணைக் காட்டி, "அவங்க எதுக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் வரமாட்டேன்னு சொன்னேங்க. அவங்க போய் அடிச்சிக்கினு வந்து வாசல்ல நின்னாங்க. அதுக்கு மேல எப்படிங்க வராம இருக்கறது?"

இதைச் சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கியிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டான். ரேவதி சோபா நுனிக்கு நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்திருக்கிறாள்.

எங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவ்வளவு நேரம் நிமிர்ந்திருந்த மொட்டைத் தலை தொங்கிவிட்டது.

"போச்சு! வேணாம்னு சொல்லிட்டா!" என்று எழுந்தான் கோதண்டன். நானும் பாஸ்கரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். உதறிவிட்டுப் போய்விட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று ஆரம்பித்தான் பாருங்கள்...

"மேடம், ஒரு வார்த்தை. தங்கமான புள்ளை மேடம். தண்ணி கிடையாது, தம்மு கிடையாது. அம்மா கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான். இவனுக்காக நாங்க தலையையே குடுப்போம். குடுத்துட்டோம், நீங்களே பாருங்க!"

என்று தன் தலையைக் குனிந்து காட்டினான்.

சொல்ல வந்ததை ரேவதி அப்படியே நிறுத்திவிட்டாள். ஹேண்ட்பேக்கை மூடினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி" என்று எழுந்தாள்.

அவர்களை வழியனுப்ப நாங்களும் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினோம். பெண்கள் முன்னால் ஒரு ஆட்டோ, நாங்கள் பின்னால் ஒரு ஆட்டோ. கோதண்டன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "நல்லதுக்குத்தானேடா போனேன்..." என்று ஒரே ஒரு முறை முனகினான். அவனைத் திட்ட மனசு வரவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? அவன் போகாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு நிமிடத்தில் நானே போயிருப்பேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு சிநேகிதர் இருப்பார், இல்லையா? இல்லை என்றால், கோபித்துக்கொள்ளாதீர்கள், அது நீங்களாக இருக்கலாம். நண்பன் கஷ்டத்தில் இருந்தால் ஓடிப் போய் நிற்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நிற்கிறோம். தோள் கொடுக்கிறோம். அதோடு விட்டால் பரவாயில்லை. அவன் பேச வேண்டியதையும் நாமே பேசப் பார்க்கிறோம்.

சித்தூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அண்ணியும் ரேவதியும் ஏறி உட்கார்ந்தார்கள். முனி ஜன்னலுக்குக் கீழே நின்றான். நாங்கள் மூன்று பேரும், பட்டது போதும் என்று, நாலு அடி தள்ளியே நின்றோம்.

ரேவதி ஜன்னல் வழியாகக் குனிந்தாள். "நான் சொல்ல வந்தது பாதியில நின்னு போச்சு. முழுசா சொல்லணும். வர்ற ஞாயித்துக்கிழமை சித்தூர் வர்றீங்களா?"

முனி "வரேன்" என்று சொல்வதற்குள் கோதண்டன் நாலு அடியையும் தாண்டிவிட்டான். "வந்துடறோம் மேடம்! காலையிலயே கார் எடுத்துக்கினு நாலு பேருமா..."

"அவரு மட்டும்" என்றாள் ரேவதி.

பஸ் கிளம்பிவிட்டது. அண்ணி சிரித்துக்கொண்டே கை ஆட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முனி தனியாகத்தான் போனான். இங்கே எங்கள் பாடு கேட்காதீர்கள். கோதண்டன் காலையிலிருந்தே, "சும்மா சித்தூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா? அங்க ஒரு துணிக் கஸ்டமரைப் பார்க்கணும்" என்று போன் மேல் போன். பாஸ்கர் அவன் கார் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் முனிக்கு ஒரு மெசேஜ் டைப் செய்தேன், அழித்தேன். மறுபடி டைப் செய்தேன், அழித்தேன். என் மனைவி போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

இருட்டிய பிறகு முனி வந்தான். மூன்று பேரும் அவன் ரூம் வாசலில் காத்திருந்தோம்.

"தை மாசம்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கோதண்டன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான். பாஸ்கர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பைக் கண்ணாடியைத் துடைத்தார். நான் என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பாதியில் நின்றதை ரேவதி அங்கே எப்படி முடித்தாள்? என்ன சொன்னாள்? முனி சொல்லவில்லை. எங்களிடம் எதையும் மறைக்காதவன் முதல்முதலாக ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டான். கோதண்டன் கேட்க வாயெடுத்தான், பாஸ்கர் அவன் காலை மிதித்தார். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கொஞ்சம் வலித்தது, நிறையச் சந்தோஷமாக இருந்தது.

முடியைக் கொடுத்தது ஒரு பெரிய விஷயமே இல்லை... அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோமே, முனிக்கு நாங்கள் செய்த உதவி அதுதான்!